தடைக்காலத்தில் ஒரு ஸ்டெப்னி

ஏப்ரல் 15, 2025, செவ்வாய்

இன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை 61 நாளைக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அக்கரைப்பேட்டையில் கடுவையாற்றங்கரையை ஒட்டிப் படகுகளை ஒன்றோடொன்று அணைத்துக் கட்டிவிட்டார்கள். ஃபைபர் படகில் வருகிற மீன் உள்ளூருக்கே சரியாகப் போய்விடும். தஞ்சாவூர், திருச்சி என்று லோடு அடிக்கிற பிக்கப்புகளுக்கு வேலை இல்லை. ஸ்டாண்டில் வரிசையாக நிற்கின்றன. வண்டிக்கு வைத்தியம் பார்க்க இதை விட்டால் வேறு காலம் கிடையாது. இன்ஜின் ஆயில், பிரேக் லைனர் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் வேலை ஸ்டெப்னிதான்.

போன மாதம் கொரடாச்சேரி தாண்டிப் பின் டயர் வெடித்தது. நள்ளிரவு கழிந்த நேரம், முழு லோடு, சங்கராவும் கிழங்கானும். டயர் மாற்ற இருபது நிமிடம் போதும். அடியில் தொங்கும் ஸ்டெப்னியை இறக்கக் கம்பியை விட்டுச் சுற்றினால் அசைவே இல்லை. கிளீனர் தம்பி வெடித்த சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு, வந்த பால்வண்டியில் ஏறி நீடாமங்கலம் போனான். அங்கே ஒரு பஞ்சர் கடைக்காரரைத் தட்டி எழுப்பி, பழைய டயர் ஒன்று வாங்கிப் போட்டு, அவன் திரும்பி வருவதற்குள் கிழக்கு வெளுத்துவிட்டது. தஞ்சாவூரில் ஏலம் முடிந்து ஆள்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். ஐஸ் கரைந்து போன மீனுக்கு என்ன விலை வைப்பார்களோ அதுதான் கிடைத்தது. மீனவன் கடலில் இரவெல்லாம் கிடந்து பிடித்துவந்த மீன் அது. அதைக் கொண்டுசேர்க்க முடியாமல் ரோட்டோரம் நிறுத்திவைத்த வேதனை இன்னும் போகவில்லை.

வண்டியைத் தை மாதம்தான் வாங்கினேன். 2017 மாடல். முன்பு வைத்திருந்தவரும் மீன் லோடுதான் அடித்தார். எட்டு வருடம் ஆகிவிட்டதால் இனி வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்க வேண்டும். அதற்கும் ஸ்டெப்னி வேண்டும்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பாயை விரித்து, பின்பக்கம் தலையை மட்டும் நுழைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். அமைப்பு எளிமையானது. சேசிஸின் பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில் கையளவு இரும்புப் பெட்டி ஒன்று போல்ட் போட்டு மாட்டியிருக்கிறது. வின்ச் என்பது அதுதான். அதற்குள் பல்சக்கரமும், செயின் சுற்றிக்கொள்ள ஓர் உருளையும். செயின் முனையில் ஒரு தட்டு. தட்டைச் சாய்த்து டிஸ்க்கின் நடு ஓட்டை வழியே விட்டு நேராக்கினால், டிஸ்க் அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். பம்பர் பக்கமுள்ள துளை வழியாக நீளக் கம்பியை விட்டு இடப்பக்கம் சுற்றினால் சக்கரம் இறங்கும், வலப்பக்கம் சுற்றினால் ஏறும். மேலே போய் நன்றாக இறுகியதும் உள்ளே 'டக்'கென்று ஒரு சத்தம் வரும். அதற்கு மேல் சுற்றினாலும் செயினை இழுக்காமல் கம்பி வழுக்கிவிடும். செயின் அறுந்துவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு.

கம்பி நுழைகிற துளையே அடைத்துக் கிடந்தது. செதிலும் உப்பும் சேறும் சேர்ந்து கல்லாகியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நோண்டி எடுத்தேன். இப்போது கம்பி ஒழுங்காகப் போய்ப் பிடிக்கிறது. இடப்பக்கம் சுற்றினால் 'டக், டக்.' செயின் மட்டும் வரவில்லை.

ஏப்ரல் 16, புதன்

வரவில்லை என்றதும் சம்மட்டியைத் தேடுவதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கே பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் அடித்தால் நன்றாக இருக்கிற பாகமும் கெடும். கம்பி சுற்றுகிறதா? சுற்றினால் செயின் இறங்குகிறதா? செயின் இறங்கினால் சக்கரம் கூடவே வருகிறதா? இந்த வரிசையில் கேட்டுக்கொண்டு போனால் நோய் இருக்கும் இடம் தானாகத் தெரிந்துவிடும். நேற்று முதல் கேள்வி தீர்ந்தது. இன்றைக்கு இரண்டாவது.

உருளை இரண்டு காரணத்தால் நிற்கலாம். உள்ளே துரு ஏறியிருக்கலாம். அல்லது செயின் அளவுக்கு மீறி இறுகியிருக்கலாம். சக்கரம் மேலே ஒட்டி நிற்கும்போது செயின் வீணைத் தந்தி போல விறைத்திருக்கும். அந்த விறைப்பில் துருப்பிடித்த உருளை எப்படித் திரும்பும்? ஆகவே முதலில் செயினுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, நாலு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்தேன். ஸ்டெப்னிக்கு அடியில் பலகை வைத்து, அதற்கும் அடியில் ஜாக்கியை வைத்துக் கொஞ்சமாக ஏற்றினேன். வண்டியைத் தூக்குவதற்காக அல்ல. சக்கரத்தை ஒரு நூல் மேலே தள்ளினால் செயின் தளர்ந்துவிடும், அதற்காக.

வின்ச் பெட்டியின் இடுக்குகளில் டபிள்யூடி-40 அடித்தேன். 1953-ல் அமெரிக்காவில் சான் டியாகோவில் ஒரு சின்ன கம்பெனி செய்த சரக்கு. அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகடு துருப்பிடிக்காமலிருக்க ஈரத்தை விரட்டும் திரவம் ஒன்று தேவைப்பட்டதாம். நாற்பதாவது முறை கலந்தது சரிவந்தது. ஏவுகணைக்குச் செய்தது நாகப்பட்டினத்து மீன்வண்டிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஊடுருவிப் போவதில் கெட்டி. ஆனால் சீக்கிரம் காய்ந்துவிடும். அதனால் இரவு முழுக்க ஊற துணியை டீசலில் நனைத்துச் சுற்றிவைத்தேன்.

அதற்கு முன்பு கம்பியை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே இருந்தேன். இறக்கும் பக்கம் கால் சுற்று, ஏற்றும் பக்கம் கால் சுற்று. துருவைத் தகர்ப்பதில் ஒரே பக்கம் முழு பலத்தோடு திருகுவதைவிட இந்த ஆட்டம்தான் பலன் தரும். தம்பி சின்னச் சுத்தியலால் பெட்டியின் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே இருந்தான். விளக்கு வைக்கும் நேரத்தில் உள்ளே ஏதோ நெரிந்த மாதிரி ஒரு சத்தம். பிறகு கம்பி கனமாகச் சுற்றியது. 'டக்' சத்தம் நின்றுவிட்டது.

"செயின் வருதுண்ணே!" என்றான் தம்பி.

வந்தது. ஒரு முழம் செயின் டிஸ்க்கின் ஓட்டைக்குக் கீழே வளைந்து தொங்கியது. ஜாக்கியை இறக்கினேன். சக்கரம் இறங்கவில்லை.

இந்த நிலைமைதான் எல்லாவற்றையும்விட ஆபத்தானது. செயின் பிடியில் இல்லை. சக்கரம் எதனால் நிற்கிறது என்று தெரியவில்லை. டிஸ்க்கும் டயருமாக 25 கிலோவுக்குக் குறையாது. எப்போது வேண்டுமானாலும் விழும். தம்பி ஆர்வத்தில் உள்ளே தலையை நீட்டினான். சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தேன். ஜாக்கியைத் திரும்ப ஏற்றி, பலகையோடு சக்கரத்தைத் தாங்க வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் பந்து விளையாடும் இடம் அது. வண்டியைச் சுற்றிக் கயிறு கட்டிவைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 17, வியாழன்

மாமா வந்தார். வேளாங்கண்ணிக்காரர். மீன்வண்டிகளுக்கே மெக்கானிக்காக இருந்து தலை நரைத்தவர். குனிந்து பார்த்தார். கீழே தொங்கும் செயினைப் பார்த்தார்.

"டிஸ்க்கு மேல சட்டத்தோட ஒட்டிக்கிச்சு தம்பி. நடுவுல உக்காருற இடம் பூராவும் துரு."

அவர் சொன்னது சரி. சக்கரம் ஆடாமலிருக்கக் குறுக்குச் சட்டத்திலிருந்து ஒரு தகட்டுத் தாங்கி கீழே நீட்டிக்கொண்டிருக்கும். டிஸ்க்கின் நடுப்பகுதி அதன்மேல் அழுந்தி நிற்கும். இரண்டும் இரும்பு, நடுவே உப்புத்தண்ணீர். பல வருடம் அசையாமல் இருந்து இரண்டும் ஒன்றாகிவிட்டன.

பக்கத்தில் நின்ற இன்னொரு டிரைவர் அண்ணன், "கேஸ் வெச்சுக் காட்டிடு மாமா, அஞ்சு நிமிச வேலை" என்றார். மாமா அவரை நிமிர்ந்து பார்த்தார். "டேங்க் அங்க இருக்கு, பிரேக் பைப்பு இங்க போவுது. டயர் மாட்டியிருக்கிற டிஸ்க்குல நெருப்பு வெச்சா என்ன ஆவும் தெரியுமா?"

அது பலருக்கும் தெரிவதில்லை என்பதால் எழுதி வைக்கிறேன். டயர் மாட்டிய டிஸ்க்கைச் சூடாக்கினால் உள்ளிருக்கும் ரப்பர் வெந்து வாயு கிளம்பும். அந்த வாயு தீப்பிடித்தால் டயர் வெடிக்கும். நெருப்பு டயரின் வெளிப்புறத்தைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. காற்றை இறக்கிவிட்டாலும் ஆபத்து முழுக்க நீங்காது. பக்கத்தில் நிற்பவன் உயிர் போய்விடும். கட்டிங் வீலும் வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார். தீப்பொறி சிதறும். டீசல் ஊறிய துணி வேறு சுற்றியிருக்கிறது.

ஆகவே கையால்தான். முதலில் காற்று. வால்வு கீழ்ப்பக்கம் பார்த்திருந்தது. ஓரத்திலிருந்து கையை நீட்டி வால்வு பின்னைக் கழற்றினேன். வெளியே வரக் காற்றே இல்லை, லேசாகச் சீறி அடங்கிவிட்டது. கொரடாச்சேரியில் அன்றைக்கு இது இறங்கியிருந்தாலும் வண்டி ஓடியிருக்காது என்று இப்போதுதான் தெரிகிறது.

பிறகு கம்பி பிரஷ்ஷை ஒரு நீளக் குழாயில் கட்டி, ஜாக்கி தாங்கிய நிலையிலேயே பக்கவாட்டிலிருந்து துருவைச் சுரண்டினோம். பொருக்குப் பொருக்காகக் கொட்டியது. இரும்பு துருவானால் இடம் பெருகும், இருந்த இரும்பைப்போல இரண்டு மடங்குக்கு மேல். வெளியே இருந்தால் உதிர்ந்து போகும். இரண்டு தகடுகளின் இடுக்கில் இருந்தால் போக்கிடம் இல்லாமல் அங்கேயே பெருத்து, ஆப்பு அடித்ததுபோல இறுகிவிடும். போல்ட் கழலாமல் போவதும் இதனால்தான். இடுக்கில் டீசல் இறங்குகிற அளவுக்கு வழி பண்ணிவிட்டு நிறுத்தினோம்.

"நாளைக்கு வரமாட்டேன், பெரிய வெள்ளி. சனிக்கிழமை காலையில பாப்போம். அதுவரைக்கும் ஊறட்டும்" என்று மாமா போய்விட்டார்.

ஏப்ரல் 18, வெள்ளி

காலையிலும் மாலையிலும் டீசல் ஊற்றினேன். ஸ்டெப்னியில் வேறு வேலை செய்யவில்லை.

மதியம் லோடு பாடியைக் கழுவித் தரையைப் பார்த்தேன். ஸ்டெப்னி வின்ச்சுக்கு நேர் மேலே, பின்பக்கத்து மூலையில், தண்ணீர் வடிகிற துளை. ஐஸ் கரைந்த தண்ணீர் முழுவதும் அங்கேதான் வடிகிறது. பெட்டிக்குப் பெட்டி ஐஸ் உடைத்துப் போட்டுத்தான் ஏற்றுகிறோம். ஐஸ் நல்ல தண்ணீரில் செய்ததென்றாலும் மீனைக் கழுவுவது கடல்தண்ணீரில். கடல்தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அதோடு மீன் ரத்தமும் கொழகொழப்பும். தஞ்சாவூர் போய்ச் சேரும்வரை இரவெல்லாம் அது சொட்டிக்கொண்டே போகிறது. முதல் சொட்டு விழும் இடம் வின்ச். அடுத்தது டிஸ்க்கின் குழி. படுத்த நிலையில் தொங்குகிற டிஸ்க்கில் தண்ணீர் தேங்கும். பகலில் வெயிலில் காய்ந்து உப்பு மிஞ்சும். மறுநாள் இரவு மறுபடி நனையும். நனைவதும் காய்வதும் மாறி மாறி வருகிற இடத்தில்தான் துரு வேகமாகப் பிடிக்கும். எட்டு வருடம் இப்படி நடந்திருக்கிறது.

அந்தத் துளையை அங்கே யாரோ பாடி கட்டும்போது போட்டிருக்கிறார்கள். தண்ணீர் வெளியே போனால் சரி என்று பார்த்தார்கள், எதன்மேல் போகிறது என்று பார்க்கவில்லை. ஸ்டெப்னியை இறக்கிவிட்டால் போதாது, இந்தத் துளையையும் மாற்ற வேண்டும்.

ஏப்ரல் 19, சனி

இறங்கிவிட்டது.

மாமா வந்ததும் ஸ்டெப்னிக்கு அடியில் பழைய டயர்களை அடுக்கி, சாண் அளவு இடைவெளி மட்டும் விட்டார். விழுந்தாலும் அதன்மேல் விழ வேண்டும். தாங்கிநின்ற ஜாக்கியை எடுத்துவிட்டோம். யாரும் அடியில் போகக் கூடாது, எட்டிப் பார்க்கிறவனும் பக்கவாட்டில் நின்றுதான் பார்க்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

பக்கவாட்டில் பனங்கட்டையை வைத்துச் சம்மட்டியால் டயர் மேல் அடித்தோம். இடம் ஒரு அடி, வலம் ஒரு அடி. ரப்பர் அடியை வாங்கிக்கொண்டது, டிஸ்க்குக்குப் போகவில்லை. பம்பருக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு காலாலும் உதைத்துப் பார்த்தேன். லிவரை இடுக்கில் விட்டு நெம்பினோம். லிவர்தான் வளைந்தது.

மாமா கொஞ்ச நேரம் பீடி குடித்தபடி யோசித்தார். பிறகு என் சீட்டுக்கு அடியிலிருந்த கத்தரி ஜாக்கியை எடுத்துவரச் சொன்னார். டயரின் மேல்பக்கத்துக்கும் மேலே போகும் சேசிஸ் சட்டத்துக்கும் நடுவே ஜாக்கி நுழைய இடம் இருந்தது. டயர் மேல் பலகை, பலகை மேல் ஜாக்கி, ஜாக்கியின் தலை சட்டத்தில்.

"ஜாக்கின்னா தூக்கறதுக்குத்தான்னு நெனைக்கிறோம். மேல போறதுக்கு எடம் இல்லேன்னா அது கீழதானே தள்ளும்" என்றார்.

வண்டியின் முழுப் பாரமும் மேலே இருக்கிறது, சட்டம் எங்கே போகும்? சக்கரம்தான் கீழே போக வேண்டும். வெளியே நின்றபடி நீளக் கைப்பிடியால் ஜாக்கியை ஏற்றினார். டயர் ஒரு பக்கம் சாய்ந்து விறைத்தது. அந்த விறைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் கட்டை வைத்து நான் ஒரு அடி போட்டேன். பிறகு ஜாக்கியை மறுபக்கம் மாற்றி வைத்தோம். இப்படி மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தபோது பட்டாசு போல ஒரு சத்தம். துருப்பொடி புகை மாதிரி கிளம்பியது. சக்கரம் ஒரு பக்கமாகத் தொய்ந்து, அடுத்த அடியில் அடுக்கிவைத்த டயர்கள் மேல் 'தொம்'மென்று விழுந்தது. ஜாக்கியும் பலகையும் கூடவே சரிந்து விழுந்தன. அந்த இடத்தில் ஒருவன் படுத்திருந்தால் என்று நினைக்கவே முடியவில்லை.

கம்பியைச் சுற்றிச் செயினை இன்னும் இறக்கி, அடுக்கிய டயர்களை உருவி, சக்கரத்தை வெளியே இழுத்தோம். முனைத்தட்டு டிஸ்க்கின் ஓட்டையில் சிக்கி வரவில்லை. அதை உளி வைத்துத் தட்டி எடுத்தார் மாமா. எடுத்ததும் தட்டை ஒட்டிய செயின் கண்ணிகளைத் துடைத்து என் கையில் கொடுத்தார்.

நல்ல கண்ணி விரல் கனம் இருந்தது. தண்ணீர் தேங்கும் குழிக்குள் இருந்த கடைசிக் கண்ணிகள் பாதிக்கு மேல் அரித்துப் போயிருந்தன. ஒன்றை மாமா இடுக்கியால் பிடித்து முறுக்கினார். ஒடிந்துவிட்டது.

இத்தனை நாளும் சக்கரத்தைத் தாங்கி நின்றது இந்தச் செயின். அதற்கு உதவியாகத் துரு. ஸ்டெப்னி இறங்கவில்லையே என்றுதான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் தானே இறங்கியிருந்தால்? தஞ்சாவூர் ரோட்டில் இரவில் என் வண்டிக்குப் பின்னால் யார் யார் வருகிறார்கள்? பால்காரர் வருகிறார். பூ மூட்டை வைத்த மொபெட் வருகிறது. முதல் பஸ்ஸைப் பிடிக்கப் பிள்ளையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு ஒருவர் வருகிறார். கும்மிருட்டில் 25 கிலோ இரும்பும் ரப்பரும் துள்ளிக்கொண்டு அவர்கள் முன்னால் வந்து விழுந்தால் பிரேக் பிடிக்கவும் நேரம் இருக்காது. மாமாவிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. ஒடிந்த கண்ணியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், மற்ற டிரைவர்களிடம் காட்ட.

ஏப்ரல் 21, திங்கள்

பஞ்சர் கடைப் பெரியவரிடம் சக்கரத்தைக் கொண்டுபோனேன். டயரைக் கழற்றியதும் உள்பக்கம் கையை விட்டுத் தடவினார். பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணைக் காட்டினார். கடைசி நாலு இலக்கம் 1217, அதாவது 2017-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரத்தில் செய்தது. வண்டியோடு வந்த டயர், தரையில் ஓடியதே இல்லை. பட்டன் எல்லாம் புதுசு. ஆனால் ரப்பர் கிடந்தாலும் வயசாகும். ஓடாத டயரென்றாலும் பத்து வருடம் தாண்டினால் மாற்றிவிட வேண்டும் என்பார்கள். இதற்கு எட்டு. பக்கச்சுவரை மடக்கி விரித்துப் பார்த்தார், வெடிப்பு இல்லை.

"டயரு ஆவும் தம்பி. டிஸ்க்குதான் ஆவாது."

டயரின் விளிம்பு உட்காரும் இடத்தில் டிஸ்க் பொத்துப் பொத்தாக அரித்திருந்தது. காற்று மெல்ல மெல்லப் போனது அந்த வழியில்தான். தேய்த்துப் பூசி மாட்டலாமா என்று கேட்டேன். விளிம்பை மட்டும் பார்த்தால் போதாது என்று நட்டு உட்காரும் ஓட்டைகளைக் காட்டினார். அங்கேயும் பள்ளம். நட்டு சரியாக உட்காராத சக்கரத்தை லோடு வண்டியில் மாட்டக் கூடாது. அவர் சொன்னபடி வேறு டிஸ்க் வாங்கி, இரண்டு கோட் பெயின்ட் அடித்துக் காயப் போட்டிருக்கிறேன். டயரை இதில் மாட்டி, மற்றப் பின் டயர்களுக்கு எவ்வளவு காற்றோ அவ்வளவும் அடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஸ்டெப்னியில் காற்று குறைவாக இருந்தால் லோடோடு மாட்டும்போது அதுவும் கூடவே போகும்.

ஏப்ரல் 25, வெள்ளி

பாடி பட்டறையில் நாள் முழுக்க. பழைய துளையைத் தகடு வைத்து அடைத்து வெல்டிங் பண்ணியாகிவிட்டது. தரை சாயும் பக்கம் இன்னொரு மூலையில் துளை போட்டு, குழாய் வைத்து, சேசிஸுக்கு வெளியே கொண்டுவந்து, ஒரு பெரிய கேன் தொங்கவிடும்படி ஏற்பாடு. இனி மீன்தண்ணீர் ரோட்டில் சொட்டாது. வளைவுகளில் மீன்தண்ணீர் விழுந்து டூவீலர்கள் வழுக்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். டெல்டா முழுக்க ரோட்டோரம் வாய்க்கால், வாய்க்காலுக்கு அப்பால் வயல். கேனில் சேர்கிற உப்புத்தண்ணீரை அங்கே ஊற்றவும் கூடாது. தஞ்சாவூர் மார்க்கெட்டில் மீன் கழுவும் சாக்கடையில்தான் ஊற்ற வேண்டும் என்று தம்பியிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.

பட்டறைக்காரர் துளையை அப்படியே விட்டு வின்ச்சுக்கு மேல் ஒரு கூரைத்தகடு வைத்தால் செலவு குறையும் என்றார். வேண்டாம் என்றேன். தகட்டிலிருந்து வழிகிற தண்ணீர் அடுத்து எதன்மேல் விழும்? லீஃப் பட்டை மேல். பிரேக் பைப் மேல்.

மே 2, வெள்ளி

புது வின்ச் வந்தது. பழையதைத் திறந்து சுத்தம் செய்து போடலாம் என்று ஓர் எண்ணம் இருந்தது. மாமா திறந்து காட்டினார். பல்சக்கரத்தில் பாதிப் பல் தேய்ந்திருந்தது. சக்கரம் முக்கால் வழியில் நின்றுகொண்டால் அல்லது சறுக்கினால் அது இறங்காததைவிட மோசம்.

புதியதை மாட்டுவதற்கு முன்பு உருளையை முழுக்கச் சுற்றி இறக்கி, செயினின் ஒவ்வொரு கண்ணிக்கும் கிரீஸ் தடவினோம். போல்ட்களின் மரைகளுக்கும் தடவினோம், அடுத்தமுறை கழற்றும்போது கழல வேண்டுமே. தாங்கிக்கும் டிஸ்க்குக்கும் நடுவே பழைய டியூப்பை வட்டமாக வெட்டி வைத்தது மாமாவின் யோசனை. இரும்பும் இரும்பும் தொடாமலிருந்தால் ஒட்டாது. கம்பி நுழையும் துளைக்கு ஒரு ரப்பர் மூடி.

ஏற்றும்போது 'டக்' சத்தம் இரண்டு முறை கேட்கும்வரை சுற்றினேன். ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து தளர்வாக விடுவது தவறு. தளர்ந்தால் சக்கரம் ஆடும். ஆடினால் செயின் தேயும். நன்றாக இறுக்க வேண்டும். அதோடு அவ்வப்போது இறக்கி ஏற்ற வேண்டும். டயரின் நாலு பக்கமும் கையால் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். பகலில் வண்டியின் தகட்டைத் தொட முடியவில்லை. இருட்டிய பிறகு தம்பியை அழைத்து, "கொரடாச்சேரியில டயர் போச்சுன்னு வெச்சுக்க. நான் இல்ல, நீதான். ஸ்டெப்னியை எறக்கு" என்றேன்.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கம்பியைத் தேடினான். மூடியைக் கழற்றி உள்ளே விட்டான். முதலில் வலப்பக்கம் சுற்றினான். 'டக்' சத்தம் வந்ததும் புரிந்துகொண்டு மாற்றினான். செயின் சத்தமில்லாமல் இறங்கியது. சக்கரம் தரையைத் தொட்டதும் இன்னும் கொஞ்சம் தளர்த்தி, வெளியே இழுத்து, தட்டைச் சாய்த்து உருவினான். பிறகு மறுபடி ஏற்றினான், நான் கை வைக்கவில்லை. மாதம் ஒருமுறை, அமாவாசை அன்று, இதைச் செய்வதென்று பேசிக்கொண்டோம். இறக்கினால் செயினைத் துடைத்துக் கிரீஸ் வைப்பதும் காற்று பார்ப்பதும் அவன் பொறுப்பு.

அதற்குள் மற்ற டிரைவர்களும் வந்து நின்றுவிட்டார்கள். மாமா அந்த ஒடிந்த கண்ணியை எல்லோரிடமும் காட்டியிருக்கிறார் போல. கேஸ் வைக்கச் சொன்ன அண்ணன் தன் வண்டிக்குப் போய்க் கம்பியை விட்டுச் சுற்றிப் பார்த்தார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அடுத்த வண்டியில் துளையே அடைத்துக் கிடக்கிறது. ஐஸ் பார் ஏற்றுகிற ஒருவரின் வண்டியில் மட்டும் லேசாக இறங்கியது. அவர் வீட்டில் டூவீலர் பஞ்சரானால் பயிற்சிக்கு இதையும் இறக்கிப் பார்ப்பாராம்.

"மாமாவை நாளைக்குக் கூப்புடு தம்பி. உன் கத்தரி ஜாக்கியையும் எடுத்துட்டு வா" என்றார் அண்ணன்.

அவர் வண்டியில் செயின் இல்லை, கம்பி வடம். வடத்தில் உள் இழைகள் அரித்திருந்தால் வெளியிலிருந்து தெரியாது. டயர் அடுக்குவதை முதலில் செய்ய வேண்டும். காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன்பு.